கம்பனில் இல்லாத கோடு

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டிய மறுநாள் காலை, மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டைக் காலனி வீடுகளின் அடுப்படியில் அநேகமாக ஒரே காட்சியைத்தான் பார்க்கலாம். சுவிட்ச் போர்டின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு கறுப்பு நூல் இறங்கும். டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளைச் சிமெண்டைப் பிடித்துக்கொண்டே மேடைக்கு வரும். மூடி சரியாகத் திருகாத சீனி டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகும். உற்றுப் பார்த்தால் நூல் இரண்டு திசையிலும் ஓடுவது தெரியும். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் ஒரு கணம் நின்று, உணர்கொம்பால் தொட்டுவிட்டு விலகும். வீட்டுக்காரர் அடுத்து என்ன செய்வார் என்பதும் முன்பே முடிவானதுதான். லட்சுமண ரேகை என்ற பெயரில் கடையில் விற்கும் சாக்பீஸை எடுத்து டப்பாவைச் சுற்றி ஒரு வட்டம், மேடை விளிம்பில் ஒரு கோடு, நிலைப்படியில் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் கோட்டோரம் எறும்புகள் சுருண்டு கிடக்கும். துடைப்பத்தால் அள்ளிக் கொட்டியதும் வேலை முடிந்த திருப்தி. மூன்றாம் நாள் அதே நூல் வேறொரு சுவிட்ச் போர்டிலிருந்து இறங்கும்.

அந்தப் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லட்சுமணன் கோடு கிழித்த கதை நாடகத்திலும் சினிமாவிலும் கதாகாலட்சேபத்திலும் நமக்குப் பழகியது. கம்பனில் அது கிடையாது. கம்பனின் இராவணன் கோடு எதையும் தாண்டுவதில்லை. சீதையைத் தொடாமல், பர்ணசாலை நின்ற நிலத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். எறும்பு விஷயத்தில் கம்பன் சொன்னதுதான் சரி. எறும்பு நமது கோட்டைத் தாண்டி வரவேண்டியதில்லை. வீடு எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணிலிருந்து, தரைக்கு அடியிலிருந்து, சுவருக்குள்ளிருந்து அது வருகிறது. எறும்பு உள்ளே வருமா வராதா என்பது வீடு கட்டும்போதும், சுவரோரம் செடி நடும்போதும், குழாய் ஒழுகுவதைப் பார்த்தும் பாராமல் இருக்கும்போதும் தீர்மானமாகிவிடுகிறது. கோடு போடுவது, தீர்ப்பு வந்த பிறகு செய்கிற சடங்கு. சடங்கு என்பதால் அதில் பயனே இல்லை என்றாகாது. ஆனால் அதை வைத்தியம் என்று நம்பியதில்தான் நமக்கு நஷ்டம்.

சாக்பீஸில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. தொட்ட எறும்பு சீக்கிரம் செத்துவிடும். இந்தச் சீக்கிரம்தான் அதன் குறை. இரை தேடி வெளியே வருபவை ஒரு கூட்டின் சிறு பங்குதான். அவையும் பெரும்பாலும் வயதான வேலைக்காரிகள், எப்படியும் நாள் எண்ணிக்கொண்டிருப்பவை. ராணியும் புழுக்களும் இளைய வேலைக்காரிகளும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வரிசையில் வந்த ஐநூறைக் கொன்றால் கூட்டுக்கு அது ஒரு கெட்ட நாள், அவ்வளவே. வரிசை என்பதே வாசனையால் போட்ட ஒரு தற்காலிகப் பாதை. நெருப்பெறும்புகள் வயிற்று நுனியிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து அந்த வாசனையைத் தரையில் தொட்டுத் தொட்டு வைத்துப் போகின்றன என்பதை எறும்பு ஆராய்ச்சியாளர் எட்வர்ட் வில்சன் 1959ல் காட்டினார். ஒற்றை எறும்பு கண்ணாடி மேல் வைத்த தடம் இரண்டு நிமிடத்துக்குள் ஆவியாகிவிடுகிறது. இரை இருந்தால் அடுத்தடுத்து வருபவை அதைப் புதுப்பிக்கும். இல்லாவிட்டால் பாதை தானே அழியும். சீனி டப்பா அங்கேயே இருக்கிறவரை, குறுக்கே கோடு போட்டாலும் மஞ்சள் தூள் தூவினாலும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாலும் நாம் செய்வது ரோட்டை மறிப்பதுதான். சந்தை நடக்கிற நாளில் ரோட்டை மறித்தால் ஜனம் சந்துவழியாகப் போகும். இன்னொரு வம்பும் உண்டு. லின்னேயஸ் 1758ல் பெயரிட்ட ஃபாரோ எறும்பு போன்ற சில வீட்டெறும்புகளின் கூட்டில் ஒரு ராணி அல்ல, பல ராணிகள். மருந்தடித்துக் கலைத்தால் ஒரு கூடு மூன்று நான்காகப் பிரிந்து, ஆளுக்கொரு ராணியோடு வேறு வேறு சுவரில் குடியேறிவிடும். மருந்தடித்த பிறகு எறும்பு கூடிவிட்டது என்று பெண்கள் சொல்வதை ஆண்கள் பிரமை என்று தள்ளிவிடுவதுண்டு. பெண்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

இனி, வீடு நிற்கும் அந்த மண். நாகமலை அடிவாரம் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுநிலம். இடையிடையே கண்மாய்கள், மானாவாரிக் காடுகள். பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் வந்த பிறகு அந்நிலம் மனைமனையாகப் பிரிந்தது. ஒரு மனையில் வீடு எழும்பும்போது அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே கொட்டி நிரப்புவது பக்கத்தில் எங்கோ தோண்டிய மண்தான். அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். மேலே மழை படாது, வெயில் சுடாது, ஏர் ஓட்ட ஆளில்லை. எறும்புக்கு இதைவிடப் பாதுகாப்பான நிலத்தை யாரும் செய்து கொடுக்க முடியாது. மூன்று வருடம் கழித்துச் சுவரோர டைல்ஸ் இடுக்கில் ரவை போல மண் குவிந்திருப்பதைப் பார்க்கிறோமே, அது உள்ளே அறை தோண்டியவர்கள் வெளியே தள்ளிய கழிவு. மழைக்காலத்தில் கூடு நனையும்போது தோட்டத்து எறும்புகளும் மேடு தேடும். புறநானூற்றின் 173ஆம் பாட்டில் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சிறுகுடி கிழான் பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளை, மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் ஏறும் எறும்பு வரிசையோடு ஒப்பிடுகிறான். சோழனுக்குத் தெரிந்த மேட்டு நிலம் திட்டும் கரையும். நாம் தெருவைவிட மூன்றடி உயர்த்திக் கட்டியிருக்கும் வீடுதான் இன்றைக்கு அந்த மேடு. தெருவில் ரோடு போடப் போட வீட்டையும் உயர்த்துகிறோம், வெள்ளம் வரக்கூடாது என்று. அதே காரணத்துக்காகத்தான் எறும்பும் வருகிறது.

மேட்டிலிருந்து அடுப்படிக்கு வழி? அதையும் நாமே போட்டுக் கொடுத்திருக்கிறோம். பழைய சுண்ணாம்புச் சுவரில் வயர் வெளியே மரச்சட்டத்தின் மேல் ஓடும். இப்போது சுவருக்குள் பிவிசி பைப் புதைத்து வயரை இழுக்கிறோம். சுவர் முழுவதும் அறைக்கு அறை இணைத்து, விரல் பருமனில் உள்ளே காலியாக ஓடும் சுரங்கம். ஒவ்வொரு சுவிட்ச் போர்டும் அதற்கு ஒரு வாசல். தரையோரத்தில் ஒரு முனை விரிசலைத் தொட்டால் போதும், எறும்பு வெளிச்சமே படாமல் ஹாலிலிருந்து மாடிப் படுக்கையறை வரை போய்வரலாம். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே கழிவுநீர்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம் இன்னொன்று: துளை பெரிது, குழாய் சிறிது, நடுவே உள்ள வளையத்தைப் பூசாமலே விட்டிருப்பார்கள், மரக்கதவு மூடிவிடும் என்பதால். குழாய் முட்டில் சொட்டும் துளி அங்கே எப்போதும் ஈரத்தை வைத்திருக்கும். பங்குனி சித்திரை வெயிலில் எறும்பு உள்ளே வருவது பெரும்பாலும் இந்தத் தண்ணீருக்காக. சீனியைப் பூட்டி வைத்தும் எறும்பு வருகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் தொட்டிக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பதில்லை.

சீனி நமது டப்பாவில் மட்டும் இருக்கிறது என்பதும் நமது நினைப்புதான். வாசலில் ஒரு செம்பருத்தி, பின்கட்டில் ஒரு பப்பாளி, சுவரை ஒட்டி ஒரு கறிவேப்பிலை. செம்பருத்தியின் இளங்கொம்பைத் திருப்பிப் பார்த்தால் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. அது செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைப் பின்வழியாகச் சொட்டவிடுகிறது. எறும்பு அதைத் தொட்டுத் தட்டி வாங்கிக் குடிக்கிறது; பதிலுக்கு மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. மாடு மேய்ப்பது போல என்பது பழைய உவமை. பலசரக்குக் கடைக்கு ஆள் நிறுத்திக் காவல் காப்பது போல என்று சொன்னால் இன்னும் பொருந்தும். அன்றாட வருமானம் அங்கே; நமது டப்பா எப்போதாவது கிடைக்கும் போனஸ். 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி இரண்டே வருடத்தில் தமிழ்நாட்டின் மரவள்ளியையும் மல்பெரியையும் வீட்டுச் செம்பருத்தியையும் வெள்ளையடித்தது. மருந்தடித்துப் பார்த்தவர்கள் ஓய்ந்தார்கள். 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது, அதை அடக்கியது. மாவுப்பூச்சி போன கொம்பில் எறும்புக்கு வேலை இல்லை.

இதே கணக்கை ஒரு தீவு முழுக்கப் போட்டுப் பார்த்த ஊர் உண்டு. ஜாவாவுக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில், மஞ்சள் கிறுக்கு எறும்பு என்று சொல்லப்படும், வேகமும் கோணலுமான நடையுள்ள ஓர் எறும்பு, 1989 முதல் காட்டையே ஒரு கூடாக்கிக்கொண்டு சிவப்பு நண்டுகளை லட்சக்கணக்கில் கொன்றது. அது கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், நண்டுக்குக் கண் போய்விடும். 2002ல் ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரையைத் தூவினார்கள். எறும்பு குறைந்தது, திரும்பவும் வந்தது, திரும்பவும் தூவினார்கள். கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் எறும்பை விட்டுவிட்டு அதன் பலசரக்குக் கடையைத் தேடினார்கள். மரங்களில் ஒட்டியிருந்த ஒரு செதிற்பூச்சி சொட்டும் இனிப்பில்தான் அத்தனை கூட்டமும் பிழைத்தது. அந்தச் செதிற்பூச்சியை மட்டும் தாக்கும் ஒரு நுண்குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் விட்டார்கள். இது ஏதோ தூரதேசத்துக் கதை என்றும் இருந்துவிட முடியாது. அதே எறும்பு 2022ல் மதுரைக்கு வடக்கே நத்தம் பக்கத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் ஆடு மாடுகளின் கண்ணில் ஏறியது. காட்டுக்குள் மேய்ச்சலுக்குப் போகவே ஆட்கள் தயங்கினார்கள் என்று அந்த ஆவணியில் செய்தி வந்தது. அங்கே வீடு எது, வெளி எது? எந்த நிலைப்படியில் கோடு போடுவது? கரந்தமலையை நினைத்தால் நமது அடுப்படி எறும்பு எவ்வளவு அடக்கமான விருந்தாளி என்று புரியும்.

இந்த இடத்தில் கோலத்தை இழுத்து வருவார்கள் என்று தெரியும். பச்சரிசி மாவில் கோலம் போட்டதே எறும்புக்குத் தீனி வைத்து வாசலோடு அனுப்பிவிடத்தான், நம் முன்னோர் எறும்பு சாஸ்திரம் அறிந்தவர்கள் என்ற பேச்சு. அறச்செயல் என்ற அளவில் அதை நான் மறுக்கவில்லை. எறும்பைத் தடுக்கும் உபாயம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இரை கிடைத்த இடத்துக்கு ஆள் திரட்டுவது எறும்பின் சுபாவம். வாசலில் இரை வைத்தால் வாசல்வரை பாதை விழும், அவ்வளவுதான். கோலத்தால் எறும்பு குறைந்தது என்றால் காரணம் மாவாக இருக்காது. விடியலில் ஒருத்தி வாசலைக் கூட்டி, சாணி தெளித்து, இடுப்பை வளைத்துத் தரைக்கு ஒரு முழ உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நிலைப்படியோரம் இருக்கிறாள். புற்று எங்கே முளைக்கிறது, வரிசை எந்த விரிசலில் நுழைகிறது என்று அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? கோலம் அன்றாடச் சோதனை. கல்மாவில் போட்டாலும் அந்தப் பலன் கிடைக்கும். ஸ்டிக்கர் ஒட்டினால் கிடைக்காது.

இதற்குக் கூர்மையான மறுப்பு ஒன்று வரும், வரவேண்டும். சாக்பீஸ் பத்து ரூபாய், பத்து நிமிடம். நீங்கள் சொல்கிற வழியெல்லாம் கூட்டு, துடை, மூடு, குனிந்து பார் என்று மறுபடியும் பெண் தலையில் விழுகிறதே? நியாயமான கேள்வி. சுத்தம் சோறு போடும் என்று சொன்ன வாய்கள் சுத்தம் செய்தவளுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டதில்லை. ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பது, தட்டு வற்றாமல் பார்ப்பது, கோட்டை வாராவாரம் புதுப்பிப்பது, செத்த எறும்பை அள்ளுவது, மாவில் விழுந்ததைச் சலிப்பது எல்லாம் இப்போதும் அவள் வேலைதான். கட்டட வேலையில் விட்ட குறையை அவள் தினமும் தன் உழைப்பால் அடைத்துக்கொண்டிருக்கிறாள். குறையை ஒருமுறை அடைத்தால் மிச்சமாவது அவள் நேரம். அந்தத் தண்ணீர்த் தட்டிலும் ஒரு சங்கதி உண்டு: அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் எறும்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதைத் தாய்லாந்தில் கணக்கெடுத்திருக்கிறார்கள். அசையாத தெளிந்த தண்ணீர், நிழல், பக்கத்திலேயே மனித ரத்தம். ஏழெட்டு நாளில் கொசு. வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவாத தட்டு, எறும்பை விட்டுக் கொசுவைப் பிடித்த கதை. நம் பாட்டிமார் வைத்த உறிக்கு இந்தத் தோஷம் இல்லை. கயிற்றில் வேப்பெண்ணெய் தொட்டுவிட்டால் அந்த ஒற்றை வழியும் அடைபட்டுவிடும்.

அப்படியானால் கொல்லவே கூடாதா என்று கேட்டால், அப்படிச் சொல்லும் உரிமை எனக்கில்லை. தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை மேல் செவ்வெறும்பு ஏறிய வீட்டில் தத்துவம் பேசக்கூடாது. மருத்துவமனை எறும்புகள் நோய்க்கிருமியைச் சுமந்து திரிவதை லான்செட் இதழ் 1972லேயே வெளியிட்டது. கேள்வி எதைக்கொண்டு, எவ்வளவு வேகமாக என்பதுதான். ஒரு தலைமுறைக்கு முன் அடுப்படி மூலையில் கமாக்சின் பொடியைத் தூவினோம். அரிசி மூட்டைக்கு அடியில்கூடத் தூவினோம். அதிலிருந்த பி.எச்.சி.யை இந்தியா 1997ல் நிறுத்தியது; அதன் தம்பியான லிண்டேன் 2009ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. எறும்பு இன்னும் இருக்கிறது, பொடி நமது கொழுப்பில் தங்கிப்போனது. மெதுவாகக் கொல்வது ஒன்று இருக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் என்று கேட்டால் தருவார்கள். கேரம்போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் அந்தக் குடும்பம்தான். சீனித் தண்ணீரில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல் கலந்து வைத்தால் எறும்பு அதைக் குடித்து, கூட்டுக்குப் போய், வாய்க்கு வாய் மற்றவைக்கும் ஊட்டிவிடும். ராணிவரை போய்ச் சேர நாள் கணக்காகும். அதுவரை வரிசையைத் தொடக்கூடாது. வெண்காரத்தை அள்ளிப் போட்டால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், சாக்பீஸ் கதையாகிவிடும். பொறுமை இல்லாதவர்கள்தான் விகிதத்தைக் கூட்டுகிறார்கள். பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது, இதுவும் விஷம்தான்.

நாகமலைக்குப் பக்கத்திலேயே கீழக்குயில்குடிச் சமணர் மலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், ஆயிரம் வருடத்துக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். அந்த மரபுத் துறவிகள் கையில் மயில்பீலிக் கற்றை வைத்திருந்தார்கள்: உட்காருமுன் தரையைப் பீலியால் தடவி, அங்கே ஊரும் உயிர் எதுவானாலும் ஒதுக்கிவிட்டு உட்காருவதற்கு. இருட்டில் சாப்பிடுவதில்லை, சிற்றுயிர் கண்ணுக்குத் தெரியாது என்று. (அவர்கள் ஏவிய நாகம்தான் மலையாகிக் கிடக்கிறது என்று திருவிளையாடல் சொல்கிறது, எறும்பை மிதிக்காதவர்கள் பாம்பை ஏவினார்கள் என்பதை எப்படி நம்பினோமோ.) குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் பீலி ஒத்துவராது. ஆனால் அந்தக் கை அசைவின் வரிசை முக்கியம். முதலில் பார்ப்பது, பிறகு இடம் கொள்வது. நாம் முதலில் இடம் பிடித்துக் கட்டி முடித்து, பால் காய்ச்சிக் குடியேறி, ஆறு மாதம் கழித்துத்தான் தரையைப் பார்க்கிறோம். கொத்தனார் டைல்ஸ் ஓரத்தை முழுக்க அடைத்தாரா, எலக்ட்ரீசியன் தரையோர பைப் முனையை மூடினாரா, பிளம்பர் தொட்டிக்குக் கீழே குழாய்த் துளையைச் சுற்றிப் பூசினாரா என்று கேட்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. அன்றைக்கு நாம் கிரானைட்டின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கைப்பிடி வெள்ளைச் சிமெண்டும் ஒரு மத்தியான வேலையும் ஆகியிருக்கும். இப்போதும் ஆகும்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஆம்பளை டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிக்குக் கீழே படுத்து, எறும்பு எங்கேயிருந்து வருகிறது என்று அதன் பின்னாலேயே போனால்.